பள்ளிவாசலில் படிக்கப்படாத அறிவிப்பு

எல்லாப் புகழும் இறைவனுக்கே. தந்தவனே எடுத்துக்கொண்டான், அதில் நமக்குக் கேள்வியில்லை. அத்தா எங்களை விட்டுப் போய் இன்று நாற்பதாம் நாள். ஃபாத்திஹாவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அத்தாவின் மூத்த மகளாகிய நான் சலாம் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பிகள் இருவரும், "அக்கா, ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சிடுக்கா, பந்தி போடுற நேரத்துல யாரு படிப்பா?" என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்று பேசியே பழகியவள் நான். இரண்டு பக்கத்தில் எனக்கு ஒரு பாடத்தின் முன்னுரைகூட முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அத்தாவைப் பற்றி இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. "நல்ல மனுஷர்தான். ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டாரு." உங்களில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். மறுக்க வேண்டாம், என் காதிலேயே விழுந்திருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்று பதில் எழுதாமல் விட்டால் எனக்கு நிம்மதி கிடையாது.

நம் விருந்தில் சகன் வைப்பது எல்லாருக்கும் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் கொட்டி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்து உண்பதுதான் சகன். பணக்காரர், ஏழை, மூத்தவர், இளையவர் என்ற பேதம் அதில் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தா எந்த விருந்திலும் சகனில் உட்கார்ந்ததில்லை. பந்தியின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி, ஒரு தனித் தட்டு. வீட்டிலிருந்து அந்த எவர்சில்வர் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவதே சின்ன வயதில் என் வேலை. யார் கேட்டாலும் அத்தா "வயிறு சரியில்லைங்க" என்பார்கள். எழுபது எண்பது வருடம் தொடர்ந்து ஒரு மனிதருக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா? யாரும் இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அத்தா பிறந்தது இதே ஊரில்தான். வலங்கைமானுக்குக் கிழக்கே, குடமுருட்டியின் தென்கரையில், இன்று ரேஷன் கடை இருக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில். பாட்டனாருக்குப் பத்து மா நன்செய் இருந்தது. காலரா வந்த வருடம் பாட்டனாரும் பாட்டியாரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அத்தாவுக்கு அப்போது ஏழு வயது, பெரியத்தாவுக்குப் பதினைந்து.

பெரியத்தா என்று நான் எழுதுவது அத்தாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணனை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதையே உங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வரியில்தான் அறிகிறீர்கள். பதினைந்து வயதில் பெரியத்தா ஏர் பிடித்தார்கள், நடவுக்கு ஆள் கூட்டினார்கள், தம்பியைக் கும்பகோணத்துக்கு அனுப்பி எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார்கள். வீட்டில் சமைக்க ஆளில்லை. பெரியத்தாவே கஞ்சி காய்ச்சி ஒரே தட்டில் ஊற்றுவார்களாம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்களாம். "வீட்டுல நாலு தட்டு இருந்துச்சும்மா. ரெண்டு பேருக்கும் கழுவ சோம்பேறித்தனம்" என்று அத்தா போன வருடம் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் முஸ்லிம்களின் கட்சிக்கு எங்கள் ஊரில் ஒரு கிளை இருந்தது. கட்சியின் பேரை எழுதாமல் விடுகிறேன்; எனக்கு இந்த வயதில் வம்பு வேண்டாம். பெரியத்தா கிளைத் தலைவர்; அதற்குள் கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. கையெழுத்து மணிமணியாக இருந்ததால் இருபது வயதிலேயே அத்தா செயலாளர். வெள்ளைக்காரன் போவதற்கு முந்தைய கடைசித் தேர்தல் வந்தது. நமக்கென்று தனித் தொகுதி, அதில் நம்மவர் மட்டுமே ஓட்டுப் போட வேண்டும். அதிலும் நிலத் தீர்வை கட்டுபவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான் ஓட்டு. ஆனால் ஊரே கொடி பிடித்தது. தனி நாடு கேட்டுத் தேர்தல் நடந்தது. "அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கும்னுகூட எங்களுக்குத் தெரியாதும்மா. கட்சி சொல்லுச்சு, நாங்க தொண்டை கிழியக் கத்துனோம்" என்றார்கள் அத்தா.

அப்போது கட்சிக்குள் தலைமைச் சண்டை. சென்னையில் இருந்த மாகாணத் தலைவர் ஒரு பக்கம். நம் ஜில்லாத் தலைவர் மறு பக்கம். மாகாணக் கமிட்டி வெளியூர் வியாபாரி ஒருவரை வேட்பாளராக அறிவித்தது. ஜில்லாத் தலைவர் கோபித்துக்கொண்டு தானே சுயேச்சையாக நின்றுவிட்டார். உடனே மாகாணக் கமிட்டியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கட்சி நிறுத்தியவருக்கு எதிராக வேலை செய்பவர் யாராக இருந்தாலும் ஏழு நாளில் விளக்கம் கேட்க வேண்டும், விளக்கம் சரியில்லையென்றால் நீக்க வேண்டும்.

பெரியத்தா ஜில்லாத் தலைவருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. குடமுருட்டி கரை உடைத்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருடம், அந்த மனிதர் பரிசலில் அரிசி மூட்டையோடு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே மூட்டையை இறக்கினாராம். அத்தா விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தை, அதே வீட்டில், அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே பெரியத்தாவிடம் நீட்டியிருக்கிறார்கள். பெரியத்தா இடது கையால் வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்களாம்:

"என்னடா தம்பி, எனக்கே நோட்டீஸா? நல்லா எழுதியிருக்கே."

"விளக்கம் குடுங்கண்ணே. ஏழு நாள்தான்."

"வாக்குக் குடுத்துட்டேன்டா. கட்சி நேத்து வந்தது. அந்த மனுஷன் வெள்ளத்துல வந்தாரு. இதுதான் விளக்கம், எழுதிக்க."

"கட்சி நம்ம கொல்லையில நிக்கிற முருங்கை மரத்தை நிறுத்துனாலும் அதுக்குத்தாண்ணே ஓட்டு. கட்டுப்பாடுன்னா அதானே?"

"முருங்கை மரத்துக்குப் போடு. சோறு ஆறுது, சாப்பிடு."

எட்டாம் நாள் அரிசிக் கடை மாடியில் கிளைக் கமிட்டி கூடியது. மொத்தம் ஏழு பேர். விசாரணை தலைவர் மீதே என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை. மீதி ஆறு பேர். மூன்று பேர் நீக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் எச்சரித்து விட்டுவிடலாம் என்றார்கள். ஆறாவது ஆள் அத்தா. அந்த இரண்டு பேரோடு சேர்ந்திருந்தால் மூன்றுக்கு மூன்று, தீர்மானம் அங்கேயே விழுந்திருக்கும். அத்தா நீக்கச் சொல்லிக் கை தூக்கினார்கள்.

"பயந்துட்டீங்களாத்தா? கட்டாயப்படுத்தினாங்களா?" என்று நான் கேட்டேன். ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறேன், பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் கேட்டேன். அத்தா பிடித்துக்கொள்ளவில்லை.

"பயம் இல்லம்மா. பெருமை. கூடப்பிறந்தவனையே விடலை பாருன்னு மெட்ராஸ்ல பேசணும்னு ஒரு பெருமை."

மெட்ராஸில் பேசவும் செய்தார்கள். மாகாண ஆபீஸிலிருந்து பாராட்டி ஒரு கார்டு வந்ததாம். அத்தா அதை அன்றே அடுப்பில் போட்டிருக்கலாம். போடாமல் வைத்திருந்தார்கள், தனக்குத் தண்டனையாக.

இனிதான் நம் ஊருக்கே உரிய தவறு வருகிறது. கட்சியின் தீர்மானத்தை ஊருக்கு அறிவிக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கூடுகிற இடம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் ஏறி நின்று கட்சிக் கூட்டங்களை அறிவிப்பது வழக்கம். அத்தா அந்தப் படியில் ஏறி, பெரியத்தா முன்னால் நின்றிருக்க, தீர்மானத்தைப் படித்தார்கள். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், கட்சிக் காரியங்களில் அங்கத்தினர் எவரும் அவரோடு தொடர்பு வைக்கலாகாது. சுற்றறிக்கையில் இருந்தது அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூட்டிப் படிக்கவில்லை.

ஆனால் அதே படியில் நின்றுதான் பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தும் ஊர்விலக்கு அறிவிக்கும். யாராவது பெரிய குற்றம் செய்தால், இன்னார் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகாதே, அவரோடு சகனில் உட்காராதே என்று அங்கேதான் படிப்பார்கள். கட்சிக் காரியம் என்ற வார்த்தை யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் படியும், படித்த தோரணையும், படித்தவன் சொந்தத் தம்பி என்பதும்தான் ஏறியது. ஊரில் அநேகமாக எல்லா வீட்டுத் தலைவரும் கட்சி அங்கத்தினர் வேறு. பெரியத்தாவை ஊரே விலக்கிவிட்டதாக ஊரே நம்பியது. சேச்சே, அப்படியில்லை என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் செயலாளர். செயலாளருக்கு அந்த வாரம் முழுக்கப் பெருமை.

அடுத்த வாரம் ஒரு நிக்காஹ். பெரியத்தா போய் ஒரு சகனில் உட்கார்ந்தார்கள். உட்கார வந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து வேறு சகனுக்குப் போனார்கள். நான்கு பேருக்கான சோறு. எதிரே பெரியத்தா மட்டும். அத்தா எதிர் வரிசையில், சோற்றில் கைவைத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிச்சுப் போயிருக்கலாம்மா. பத்தடி. பத்தடிதான் இருக்கும்." இதைச் சொல்லும்போது அத்தாவுக்குத் தொண்ணூற்றேழு வயது. கட்டிலில் கிடந்த மனிதர் கையை நீட்டி அந்தப் பத்தடியை எனக்குக் காட்டினார்கள்.

பெரியத்தா ஒரு கவளம் எடுத்தார்கள். கை கழுவினார்கள். மாப்பிள்ளையின் கையைப் பற்றி முசாபஹா கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு மாதத்தில் தன் பங்கு நிலத்தைத் தம்பி பேரில் எழுதி வைத்துவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அத்தா ரயிலடிவரை பின்னாலேயே நடந்தார்களாம். பெரியத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தாவுக்குப் புத்தி வந்தது. வந்த புத்தியும் வம்பாகத்தான் வந்தது. ஜமாஅத்துக்குப் புதிதாக விதிப் புத்தகம் எழுதச் சொல்லி அத்தாவிடம் கொடுத்தார்கள். பத்து விதிகள் சொன்னார்கள். அத்தா மன்றாடிப் பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்த்து, நிறைவேற்றவும் வைத்தார்கள்: எந்தக் கட்சியின் எந்த அறிவிப்பும் பள்ளிவாசல் எல்லைக்குள் படிக்கப்படலாகாது. இனி ஒருவருக்கும் தன் அண்ணனுக்கு நேர்ந்தது நேரக் கூடாது என்ற எண்ணம்.

அது நிறைவேறிய பதினைந்தாம் நாள் சென்னையிலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. மாகாணத் தலைவரும் ஜில்லாத் தலைவரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஒரு தேநீர் விருந்தில் கட்டித் தழுவிக்கொண்டார்களாம். எடுத்த ஒழுங்கு நடவடிக்கைகள் எல்லாம் ரத்து, நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும். பெரியவர்களுக்கு என்ன! அவர்கள் சண்டை போட்டார்கள், டீ குடித்தார்கள், முடிந்தது. இங்கே குடமுருட்டிக் கரையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

அத்தா பினாங்குக்கு எழுதினார்கள், காலில் விழாத குறையாக. ஒரே ஒரு பதில் வந்தது. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. "நீ படித்த இடத்திலேயே இதையும் படி. படித்துவிட்டாய் என்று ஊர்க்காரர் ஒருவர் எழுதட்டும். அடுத்த கப்பலில் வருகிறேன்."

படித்த இடத்தில் படிக்க முடியாது. பதினொன்றாம் விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவரும் அத்தாதான்.

அப்புறம் நாடு பிரிந்தது. கட்சி ஆட்களைப் போலீஸ் விசாரிக்க ஆரம்பித்ததும் கொடியையும் காகிதங்களையும் ஆளுக்கு ஆள் கொளுத்தினார்கள். கிளை காணாமல் போயிற்று. முந்தின வருடம் தொண்டை கிழியக் கத்தியவர்கள், கட்சியா, எந்தக் கட்சி என்று கேட்டார்கள். அத்தா மட்டும் கிளைக் கூட்டங்களின் நடவடிக்கைப் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஒரு பெரிய கட்சி இந்த ஊரில் ஒரே ஒரு ஆளாகச் சுருங்கி எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

பெரியத்தா உட்காராத சகனில் தானும் உட்காருவதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. வலங்கைமான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடியில் மேசை போட்டு, நாற்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதினார்கள். படிக்காத ஜனங்களுக்கு எழுதியதை இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ரேகை வைக்கச் சொல்வார்கள். பாகப் பத்திரம் எழுத அண்ணன் தம்பி வந்தால் மட்டும் உடனே எழுத மாட்டார்கள். "போயி ரெண்டு பேரும் ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க. வந்து எழுதிக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். சிலர் திரும்பி வருவதே இல்லை. பக்கத்து மேசைக்காரர், "பாய், நீங்க இங்க உக்காந்திருந்தா ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று கேலி செய்வார். அதை அவரே துக்கம் விசாரிக்க வந்தபோது சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பெரியத்தா மவுத்தாகி அடக்கமான செய்தி பினாங்கிலிருந்து வந்த ஓர் ஊர்க்காரர் மூலம், மூன்று மாதம் கழித்து வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அன்று பகல் அத்தா சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்கள்.

என் கதைக்கு வருகிறேன். என் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து, "சம்பந்தி, நம்ம சகனுக்கு வாங்க" என்றார்கள். அத்தா மாட்டேன் என்று ஓரத்தில் போய்த் தனித் தட்டோடு உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவான மாமிக்கு அது தீராத மனக்குறை. "ஏம்மா, உங்கத்தாவுக்கு எங்க கை அழுக்கா?" என்று பல வருடம் கேட்டார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன். ஒரு பெருநாளைக்கு வந்தபோது அத்தாவிடம் கத்தினேன்: "உங்களுக்கு மனுஷங்களே ஆகாதுத்தா. உங்களால எனக்குத் தலைகுனிவு." அத்தா பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா" என்றார்கள். அம்மா சமையற்கட்டிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்க அம்மாவும் இல்லை. அந்த வார்த்தைக்காக நான் அத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்டும் ஆறவில்லை.

போன வருடம் குறுவை அறுப்பு நேரத்தில் அத்தா கீழே விழுந்து இடுப்பு முறிந்தது. அதன் பிறகு கட்டில்தான். ஒருநாள் தகரப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார வைத்துச் சொன்னார்கள். பெட்டியின் அடியில் ஒரு காகிதம் இருந்தது. ரத்துச் சுற்றறிக்கை வந்த அன்றே, விதி நினைவுக்கு வருமுன், படியில் நின்று படிப்பதற்காக எழுதிய அறிவிப்பு. நான் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குப் படிச்சு என்னம்மா ஆகப்போகுது? ஊருக்குப் படிக்கணும்."

மறுநாளே ஜமாஅத் தலைவரைப் பார்க்கப் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை; துபாயில் இருந்துவிட்டு வந்தவர். முழுவதும் கேட்டார். கண் கலங்கினார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"டீச்சர், பதினொண்ணாம் நம்பர் இருக்கே. இது எழுதியிருக்கிறதே அத்தா கையெழுத்துதான் போலிருக்கு. இதனாலதான் இத்தனை வருஷமா எந்தக் கட்சிக்காரரையும் முற்றத்துல பேச விடாம நாங்க நிம்மதியா இருக்கோம். பரவாயில்லைங்க, அத்தாவுக்காக ஒரே ஒரு தடவை நான் விதியைத் தளர்த்துறேன். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை நானே படிக்கிறேன்."

கால் தரையில் படாமல் வீட்டுக்கு ஓடினேன். அத்தாவிடம் சொன்னேன். கஞ்சித் தட்டை எடுத்து ஊட்ட உட்கார்ந்தேன்.

"வேணாம்மா."

"என்னத்தா இது! இத்தனை வருஷம் காத்திருந்தீங்க!"

"எனக்காக ஒரு தடவை தளர்த்துறேன்னு சொல்றாரா? அன்னைக்கு அரிசிக் கடை மாடியில அண்ணனுக்காக ஒரு தடவை தளர்த்துன்னு ரெண்டு பேரு கெஞ்சுனாங்க. நான் கை தூக்குனேன். அண்ணனுக்குக் குடுக்காததை நான் வாங்கிக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நீங்களும் உங்க கட்டுப்பாடும்!" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் நின்று அழுதேன். இறந்தவரைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் நடந்தபடியே எழுதிவிட்டேன்.

அதற்குப் பல மாதம் கழித்து, இந்த வருடம் சம்பா நடவு தொடங்கி ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்த ஒரு பகலில், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிக்கும் நேரத்தில் அத்தா கண்ணை மூடினார்கள். தொண்ணூற்றெட்டு வயது. கடைசியாகக் கேட்டது தண்ணீர்.

பெரியத்தாவின் பிள்ளைகளைத் தேடினேன். பினாங்கில் பழக்கம் உள்ளவர்கள் மூலம் ஒரு பேத்தியின் நம்பர் கிடைத்தது. நல்ல பெண். அரைகுறைத் தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தது. தாத்தா எந்த ஊர் என்று யாருக்கும் சொன்னதே இல்லையாம். இந்தியாவில் கூடப்பிறந்தவர் உண்டா என்று கேட்டால், இல்லை என்பாராம். நான் சொல்லித்தான் அவர்களுக்கு இந்த ஊரின் பேரே தெரிந்தது. ஃபாத்திஹாவுக்கு அழைத்தேன். வர முடியாதென்று வருத்தப்பட்டது. குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரென்று தெரியாதவர் வீட்டுக்கு யார் வருவார்கள்?

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். பத்து மாதம் முகம் சுளிக்காமல் அத்தாவைப் புரட்டிப் போட்டுப் புண் வராமல் பார்த்துக்கொண்ட செவிலிப் பெண்ணுக்கு என் நன்றி; நான் பெற்ற மகளாக இருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க முடியாது. எதிர்வயல்காரர், நடவு வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஓடி வந்து டாக்டரை அழைத்து வந்தவர். பேரைப் போட்டால் என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை. கபன் துணியிலிருந்து கபுர்க் குழி வரை எல்லாவற்றையும் முன்னின்று செய்த ஜமாஅத் தலைவருக்கும் இளைஞர்களுக்கும், கேட்டதும் விதியைத் தளர்த்த முன்வந்த அந்த மனதுக்கும், விமானம் பிடித்து ஓடி வந்த தம்பிகளுக்கும், இவ்வளவு பொறுமையாகப் படித்த உங்களுக்கும் என் நன்றி. அத்தாவின் வார்த்தையாலோ தனித் தட்டாலோ மனம் நொந்தவர்கள் இருந்தால், காரணம் இப்போது தெரிந்துவிட்டது. அத்தாவை மன்னித்து துஆச் செய்யுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று விருந்து இந்த மண்டபத்தில். மண்டபம் பள்ளிவாசல் எல்லைக்கு வெளியே, சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பதினொன்றாம் விதி இங்கே செல்லாது, யாரும் எதையும் தளர்த்த வேண்டியதில்லை. சகனில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்ததும், கை வைப்பதற்கு முன், உங்களில் ஒருவர் கீழே உள்ளதை மற்ற மூவருக்கும் கேட்கும்படி படியுங்கள். அத்தா எழுதி வைத்ததை எழுத்து மாறாமல் அச்சிட்டிருக்கிறேன். மை மங்கிப் பழுப்பேறியிருக்கும் முதல் மூன்று வரியும் இருபது வயதுக் கையெழுத்து. கடைசி வரி பால்பாயிண்ட் பேனாவில், போன வருடம் சேர்த்தது.

அறிவிப்பு. நம் கிளைத் தலைவராக இருந்த என் அண்ணன் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை இன்று முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது.

அவர்கள் முன்போல் நம்மில் ஒருவராகச் சேர்க்கப்படுகிறார்கள்.

அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட இந்த ஊரில் யாருக்கும் எந்தத் தடையும் இல்லை.

முதலில் நான் உட்காருகிறேன்.